கணிதத்தின் பிறப்பிடம் எது?

கணிதம் எந்த நாட்டில் பிறந்தது என்பது நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வரும் வினா. எகிப்து, பாபிலோன், கிரீஸ், இந்தியா, சீனம், அரபு நாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் அப்பெருமையைத் தேடித்தர முயன்ற நூல்கள் பல உள்ளன. பள்ளி வகுப்பிலும் கிராமப் படிப்பகத்திலும் இவ்வினா எழும்போது, விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக அமைகிறது. எல்லாம் நம் முன்னோர் கண்டதே என்பது ஒன்று. எல்லாம் கிரேக்கரிடமிருந்தும், பின்னர் ஐரோப்பியரிடமிருந்தும் வந்ததே என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஆராய்ச்சிக்கு முன்னரே முடிவை ஏற்றுக்கொண்ட விடைகள். ஆதலின் இவை விஞ்ஞான முறைக்கு ஒவ்வாதவை.

இவ்வாதத்தின் இரு பக்கங்களையும் சான்றுகளுடன் அறிவதற்குத் திருவனந்தபுரம் மிகவும் ஏற்ற இடமாகும். இந்நகரின் தம்பானூர்ப் பகுதியில் 1931-ஆம் ஆண்டில் இரயில் நிலையம் அமைந்தது. அதற்கு எதிரே உள்ள பேருந்து நிலையத்திலிருந்து வண்டிகள் தெற்கே நாகர்கோவிலுக்கும் வடக்கே கொல்லத்துக்கும் செல்லுகின்றன. தம்பானூரில் வந்திறங்கும் ஆசிரியர் எவரும் வடக்கு நோக்கிச் சிறிது தூரம் பிரயாணம் செய்து காரியவட்டத்தை அடையலாம். அங்கே கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழைக்கலை ஆராய்ச்சி நிலையமும் சுவடிச்சாலையும் உள்ளன. 1905-ஆம் ஆண்டில் டி. கணபதி சாஸ்திரியார் தொடங்கிய திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசை இந்நகரிலிருந்தே வெளிவந்தது. ஆரியபட்டீயத்துக்கு நீலகண்டர் இயற்றிய உரை 1930 முதல் 1957 வரை மூன்று பகுதிகளாகவும், கரணபத்ததி 1937-லும், தந்திரசங்கிரகம் 1958-லும் அவ்வரிசையில் அச்சேறின. கேரளத்தில் பதினான்காம் நூற்றாண்டு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரை சிறந்து விளங்கிய ஒரு கணித மரபின் நூல்கள் இவை.

இம்மரபைப்பற்றிய வாதம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் அச்சான ஒரு நூலில் தொடங்குகிறது.

ஒரே நூலில் இரு குறிப்புகள்

1825-ஆம் ஆண்டில் லெப்டினன்ட் கர்னல் ஜான் வாரன் என்பவர் 'கால சங்கலிதம்' என்னும் பெரிய நூலைச் சென்னையில் வெளியிட்டார். தென்னிந்தியாவில் வழங்கிய பஞ்சாங்க முறைகளை ஆங்கிலேய அதிகாரிகளுக்கு விளக்குவது அந்நூலின் நோக்கம். கணிதத்தின் தோற்றம்பற்றி ஆராய்வோருக்கு அதிலுள்ள இரு குறிப்புகள் மிகவும் பயன்படுவன.

முதற் குறிப்பு புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப்பற்றியது. அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக அறிந்திருந்த சொற்களின் துணைகொண்டு, 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதமும் எழுதுகோலும் அவருக்குத் தேவைப்படவில்லை. கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமும் பிழை காணப்பட்டன. வான சாஸ்திரக் கொள்கைகளை அவர் அறிந்தவரல்லர் என்றும், நினைவாற்றல் மிக்கவர் என்றும் வாரன் எழுதியுள்ளார்.

இரண்டாவது குறிப்பு மலையாள நாட்டில் வழங்கிய கணிதத் தொடர்களைப்பற்றியது. வட்டத்தின் விட்டத்திலிருந்து சுற்றளவைக் காண்பதற்கு முடிவற்ற தொடர்களை அந்நாட்டார் கையாள்வதை, கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தரான சார்லஸ் விஷ் கண்டறிந்திருந்தார். அவற்றை இந்தியரே கண்டுபிடித்தனர் என்பது அவருடைய முதற் கருத்து. ஹைன் என்ற மற்றோர் ஆங்கிலேயர் இதை மறுத்தார். இத்தொடர்கள் அண்மைக்காலத்தில் ஐரோப்பியர் மூலமாக இந்நாட்டுப் பண்டிதர் சிலருக்குக் கிடைத்தவை என்பது அவருடைய முடிவு. அவற்றைப் பயன்படுத்துவோருள் ஒருவராலும் அவற்றை நிரூபித்துக் காட்ட இயலவில்லை என்பது அம்முடிவுக்குக் காட்டப்பட்ட காரணம். விஷும் அப்போது அதற்கு இணங்கிவிட்டார் என்று அக்குறிப்புத் தெரிவிக்கிறது.

ஆகவே, ஒரே நூலில் இரண்டு வழக்குகள் பதிவாயின. ஒன்று, தமிழர் ஒருவர் சோழிகளால் செய்த கணக்கு. அது முற்றிலும் உள்நாட்டுச் சரக்கு என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். மற்றொன்று, ஐரோப்பாவில் நியூட்டன் காலத்தில் புகழ்பெற்ற தொடர்களை ஒத்த மலையாளத் தொடர்கள். அவை ஐரோப்பாவிலிருந்து வந்தவை என்று தோன்றுவது எளிது. பிற்கால ஆராய்ச்சி இவ்விரு தோற்றங்களையும் தலைகீழாக மாற்றிவிட்டது.

சோழிக் கணக்கின் நீண்ட பயணம்

புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரின் முறையை ஆட்டோ நியூகெபாவர் என்னும் கணித வரலாற்றறிஞர் ஆராய்ந்து, 1952-ஆம் ஆண்டில் 'தமிழ் வானவியல்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் சாரத்தை அறிய வேண்டுமாயின் சந்திரனின் இயக்கத்தைப்பற்றி ஒரு சிறு செய்தியை முதலில் தெரிந்துகொள்ளுதல் நலம்.

சந்திரன் வானத்தில் எல்லா நாளும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. பூமிக்கு அண்மையில் இருக்கும்போது விரைந்தும், சேய்மையில் இருக்கும்போது மெதுவாகவும் செல்லுகிறது. மிக விரைந்த நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகின்றன. இக்காலம் ஒன்பது முறை கழியும்போது 248 நாட்கள் ஏறக்குறைய முழுமையாகக் கிடைக்கின்றன. 110 முறை கழியும்போது 3,031 நாட்கள் இன்னும் துல்லியமாகக் கிடைக்கின்றன. ஆகவே 248 நாட்களுக்குரிய சந்திரனின் நிலைகளை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், பின்வரும் காலங்களுக்கும் அவற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இந்த 248 நிலைகளும் 248 வாக்கியங்களாக அமைக்கப்பட்டன. வாக்கிய பஞ்சாங்கம் என்னும் பெயர் இதிலிருந்தே வந்தது. அவ்வாக்கியங்களில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும். இம்முறைக்குக் கடபயாதி என்று பெயர். எடுத்துக்காட்டாக, 'கமல' என்னும் சொல்லில் ககரம் 1, மகரம் 5, லகரம் 3 ஆகும். இவற்றை வலமிருந்து இடமாகப் படித்தால் 351 என்ற எண் கிடைக்கும். பொருளுள்ள சொற்களாக எண்களை அமைத்தமையால் நீண்ட அட்டவணைகளையும் நினைவில் வைத்தல் எளிதாயிற்று.

248 நாள் சுழற்சி தமிழ்நாட்டில் மட்டும் காணப்படுவதன்று. கி. பி. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பஞ்சசித்தாந்திகையில் அது உள்ளது. எகிப்தில் கண்டெடுக்கப்பட்ட கிரேக்க மொழிப் பாப்பிரஸ் ஏடுகளில் உள்ளது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட கடைசி நூற்றாண்டுகளைச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் அதனையொத்த முறைகள் காணப்படுகின்றன. இடைப்பட்ட இப்படிகள் யாவும் கிடைத்துள்ளமையால், பாபிலோனில் தோன்றிய ஒரு கணித முறை கிரேக்கர் வழியாக இந்தியாவை அடைந்து, 1825-லும் புதுச்சேரியில் உயிருடன் இருந்தது என்று நியூகெபாவர் முடிவு செய்தார்.

இதனால் இந்திய அறிஞரின் பெருமை குறைந்துவிடுவதில்லை. எண்களைச் சொற்களாக்கி மனத்திலேற்றிய உபாயமும், சோழிகளால் கூட்டிக் கழிக்கும் பழக்கமும் இந்நாட்டிலேயே வளர்ந்தன. மேலும், கேரளத்து மாதவர் இவ்வாக்கியங்களைத் திருத்தி, சந்திரனின் நிலையை முன்னிலும் நுட்பமாகக் காட்டும் புதிய வாக்கியங்களை அமைத்தார். பிறரிடமிருந்து பெற்ற கல்வியைத் தம் உழைப்பால் உயர்த்துவதும் கண்டுபிடிப்பேயாகும்.

மாதவரும் யுக்திபாஷையும்

இரண்டாவது வழக்கு வேறு திசையில் சென்றது. விஷ் தம் தேடலை நிறுத்தவில்லை. தந்திரசங்கிரகம், யுக்திபாஷை, கரணபத்ததி, சத்ரத்னமாலை ஆகிய நான்கு நூல்களை அவர் கண்டார். அவற்றைப்பற்றிய அவருடைய கட்டுரை 1832 டிசம்பரில் படிக்கப்பட்டு, 1834-ஆம் ஆண்டில் இராயல் ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. அதற்குள், 1833-லேயே, அவர் காலமாகிவிட்டார். தொடர்கள் இந்நாட்டிலேயே தோன்றியவை என்ற தம் முதற் கருத்துக்கே அவர் இறுதியில் திரும்பியிருந்தார்.

அம்மாற்றத்துக்கு யுக்திபாஷையே பெருஞ் சான்று. ஏறத்தாழ 1530-ஆம் ஆண்டில் ஜ்யேஷ்டதேவர் இந்நூலை மலையாள உரைநடையில் எழுதினார். வடமொழிக் கணித நூல்கள் பல, விதியைச் செய்யுளில் கூறிவிட்டு நிற்கும். இந்நூலோ ஒவ்வொரு விதிக்கும் காரணம் கூறுகிறது. நிரூபணம் அறிந்தவர் ஒருவரும் இல்லை என்று ஹைன் குறிப்பிட்டதற்கு, நிரூபணங்களுக்கென்றே எழுதப்பட்ட ஒரு முழு நூல் விடையாக நின்றது.

வட்டத்தின் சுற்றளவைக் காண அந்நூல் கூறும் வழி இது. வட்டத்தைச் சுற்றி ஒரு சதுரம் வரையப்படுகிறது. அச்சதுரத்தின் ஒரு பக்கத்தின் பாதியை மிகப்பல சமத் துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவுப்புள்ளியையும் வட்டத்தின் மையத்தோடு இணைக்கவேண்டும். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடையே வட்டத்தின் வில்லில் ஒரு சிறு பகுதி அகப்படும். வடிவொத்த முக்கோணங்களின் துணையால் அச்சிறு பகுதியின் நீளத்தை அறியலாம். இப்பகுதிகள் யாவற்றையும் கூட்டினால் சுற்றளவில் எட்டில் ஒரு பங்கு கிடைக்கும். துண்டுகள் எவ்வளவுக்கெவ்வளவு சிறியனவோ அவ்வளவுக்கவ்வளவு விடை செம்மையாகும். துண்டுகள் எல்லையின்றிச் சிறுத்துச் செல்லும்போது, வட்டத்தின் சுற்றளவு கீழ்க்கண்ட தொடராக அமைகிறது.

சுற்றளவு = 4 × விட்டம் × (1 − 1/3 + 1/5 − 1/7 + 1/9 − ...)

ஐரோப்பாவில் இதே தொடரை உள்ளடக்கிய பொதுவிதியை ஜேம்ஸ் கிரிகரி 1671-லும், இத்தொடரையே லைப்னிட்ஸ் 1673-லும் கண்டனர். யுக்திபாஷை அவர்களுக்கு ஏறத்தாழ 140 ஆண்டுகள் முற்பட்டது. அதே காலத்தவரான சங்கர வாரியரின் உரைகளிலும் இத்தொடர் உள்ளது. இம்மரபினர் தொடர்களை மாதவருக்கு உரியனவாகக் கூறுகின்றனர். சங்கமகிராமத்து மாதவர் ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை வாழ்ந்தவர். தொடர்களைக் கூறும் அவருடைய சொந்த நூல் கிடைக்கவில்லை. ஆயினும், மாதவரின் பெயரை ஒதுக்கிவிட்டு யுக்திபாஷையின் காலத்தை மட்டும் கொண்டாலும் முடிவு மாறாது. 1530-ஆம் ஆண்டளவில் இத்தொடர் ஐரோப்பாவில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கொடுப்பவரிடம் இல்லாத பொருளை ஒருவர் கடனாகப் பெறுதல் இயலாதன்றோ?

விஷின் கட்டுரை வெளிவந்தபின் நூறாண்டுக் காலம் கணித வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்கவில்லை. 1940-க்குப் பின்னர் கே. முகுந்த மாரார், சி. டி. ராஜகோபால் ஆகியோர் இம்மரபை நவீனக் கணிதத்தின் மொழியில் விளக்கினர். 1948-ல் யுக்திபாஷையின் கணிதப் பகுதி ராம வர்ம மரு தம்புரானும் ஏ. ஆர். அகிலேசுவர ஐயரும் எழுதிய விளக்கத்துடன் திருச்சூரில் அச்சாயிற்று. கே. வி. சர்மா பல சுவடிகளைப் பதிப்பித்து, 1972-ல் கேரள மரபின் வரலாற்றை எழுதினார். அவர் செய்த யுக்திபாஷையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008-ல் வெளிவந்தது.

வகுப்பில் செய்து பார்க்கத்தக்க கணக்கு

மேற்கூறிய தொடர் மிக மெதுவாகவே விடையை நெருங்குகிறது. விட்டத்தை 1 என்று கொண்டு முதற் பத்து உறுப்புகளை மட்டும் சேர்த்தால் 3.04184 கிடைக்கிறது. 3.14159 என்ற சரியான மதிப்பிலிருந்து இது வெகுதூரம் விலகியுள்ளது. இக்குறையைக் கேரளக் கணிதர் அறிந்திருந்தனர். தொடரை இடையில் நிறுத்தும்போது சேர்க்கவேண்டிய திருத்தங்களை அவர்கள் கண்டுபிடித்தனர். கடைசி உறுப்பு கழிக்கப்பட்டதாயின் திருத்தத்தைக் கூட்டவேண்டும். அது கூட்டப்பட்டதாயின் திருத்தத்தைக் கழிக்கவேண்டும்.

பத்து உறுப்புகளுக்குரிய மூன்று திருத்தங்கள் பின்வருமாறு.

முதல் திருத்தம்: 10-ஐ நான்கால் பெருக்கி, 4-ஐ அத்தொகையால் வகுக்க வேண்டும். அதாவது 4/40. விடை 3.14184.

இரண்டாம் திருத்தம்: 10-இன் வர்க்கத்தை நான்கால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 401. இதனால் 40-ஐ வகுக்கவேண்டும். விடை 3.14159.

மூன்றாம் திருத்தம்: 10-இன் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் 101. இதன் நான்கு மடங்கு 404. 10-இன் கனத்தை நான்கால் பெருக்கி, 10-இன் ஐந்து மடங்கைக் கூட்டினால் 4,050. ஆகவே திருத்தம் 404/4050. விடை 3.1415927.

திருத்தம் ஏதுமின்றி இரண்டாம் விடையின் நுட்பத்தை அடைய நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்புகள் வேண்டும். மூன்றாம் விடையின் நுட்பத்தை அடைய ஏறத்தாழ இரண்டு கோடி உறுப்புகள் வேண்டும். உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒரு வகுப்பு நேரத்தில் இக்கணக்கைச் செய்து முடிக்கலாம். மாதவர் கண்டதாகக் கூறப்படும் மதிப்பில், விட்டம் 90,000 கோடியாயின் சுற்றளவு 2,82,743 கோடியே 33 இலட்சத்து 88 ஆயிரத்து 233 ஆகும். இது பதினொரு தசம ஸ்தானங்கள் வரை சரியானது.

மூன்று சோதனைகள்

இவ்விரு வழக்குகளிலிருந்து ஒரு பொதுவிதி கிடைக்கிறது. இரு நாடுகளில் ஒரே கணித உண்மை காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று கூறுதல் கூடாது. காலம், உள்வழி, வந்த வழி என்னும் மூன்றையும் சோதித்தல் வேண்டும்.

முதலாவது, காலம். எது முற்பட்டது என்பதற்குத் தேதியுள்ள சான்று வேண்டும். இது எளிதன்று. 1881-ல் பெஷாவருக்கு அருகில் மண்ணிலிருந்து கிடைத்த பக்ஷாலி ஏடு இதற்கு எடுத்துக்காட்டு. பூர்ஜ மரப்பட்டையில் எழுதப்பட்ட அவ்வேட்டில் பூஜ்யத்தைக் குறிக்கும் புள்ளி பல இடங்களில் உள்ளது. 2017-ல் ஆக்ஸ்போர்டில் அதன் மூன்று பகுதிகளைக் கார்பன் முறையில் சோதித்தபோது, மூன்று வெவ்வேறு காலங்கள் கிடைத்தன. ஒன்று கி. பி. 224 முதல் 383 வரை, மற்றொன்று 680 முதல் 779 வரை, பிறிதொன்று 885 முதல் 993 வரை. ஏட்டில் உள்ளது தொடர்ச்சியான ஒரே நூல் என்று கருதும் அறிஞர்கள், மிகப் பழைய காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முடிவு கூறுதல் பொருந்தாது என்று மறுத்துள்ளனர்.

இரண்டாவது, உள்வழி. விடை ஒன்றாயினும் அதனை அடைந்த பாதை வேறாக இருக்கலாம். பக்கம் 1 உள்ள சதுரத்தின் மூலைவிட்டத்தைப் பாபிலோனியர் கி. மு. 1800-ஐ ஒட்டிய காலத்தில் களிமண்ணில் பதித்தனர். அறுபதின் அடிப்படையில் அமைந்த அவ்வெண் தசம முறையில் 1.414213 ஆகும். நம் நாட்டுச் சுல்ப சூத்திரங்களில் அது, ஒன்றுடன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, அப்பங்கில் நான்கில் ஒன்றையும் கூட்டி, கடைசியாகக் கூட்டியதில் முப்பத்துநான்கில் ஒன்றைக் கழித்துப் பெறப்படுகிறது. இதன் மதிப்பு 1.414216. இரண்டும் உண்மைக்கு மிக அண்மையில் உள்ளன. ஆனால் ஒன்றை அப்படியே பெயர்த்து மற்றொன்றை எழுதியிருக்க முடியாது என்பதை எண்களின் அமைப்பே காட்டுகிறது. இதைப்போலவே, யுக்திபாஷையின் சமத் துண்டுகளும் திருத்தங்களும் கேரளத்துக்கே உரிய கைரேகை போன்றவை. கிரிகரியும் லைப்னிட்ஸும் வேறு வழிகளில் சென்றனர்.

மூன்றாவது, வந்த வழி. ஒரு கருத்து ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்றதாயின், அதனைச் சுமந்த மனிதரோ நூலோ மொழிபெயர்ப்போ இருத்தல் வேண்டும். நாம் இன்று எழுதும் எண்முறை இதற்குச் சிறந்த உதாரணம். பிரமகுப்தர் 628-ல் பூஜ்யத்தைக் கொண்டு கூட்டல், கழித்தல், பெருக்கல் செய்யும் விதிகளைக் கூறினார். 662-ல் சிரியா நாட்டுத் துறவியான செவேரஸ் செபோக்த் இந்தியரின் ஒன்பது எண்குறிகளைப் புகழ்ந்து எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி இம்முறையை அரபு மொழியில் விளக்கினார். 1202-ல் பிபோனாச்சி அதனை இத்தாலியில் பரப்பினார். ஒவ்வொரு படியிலும் சாட்சி உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி. ஆர். கே என்னும் ஆங்கிலேய அறிஞர் இந்திய எண்முறையின் தொன்மையை மறுத்தபோது, ஜார்ஜ் செடேஸ் 1931-ல் காம்போஜ நாட்டுக் கல்வெட்டு ஒன்றை எடுத்துக்காட்டினார். அதில் சக ஆண்டு 605, அதாவது கி. பி. 683, பூஜ்யப் புள்ளியுடன் பொறிக்கப்பட்டிருந்தது.

பூஜ்யம் இல்லாமலும் பெரிய எண்களை எழுத முடியும் என்பதைத் தமிழ் மக்கள் அறிவர். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் உள்ள பழைய தமிழ் எண்முறையில் 1825 என்பது ௲௮௱௨௰௫ என்று எழுதப்பட்டது. மறுபுறம், ஆசியாவோடு தொடர்பே இல்லாத மத்திய அமெரிக்காவில் மாயா மக்கள் தாமாகவே பூஜ்யத்துக்கு ஒரு குறி அமைத்தனர். ஆகவே ஒரே கருத்து இருமுறை பிறத்தலும் இயற்கையே.

கேரளத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றதா?

இச்சோதனைகளை நம் பக்கத்துக்குச் சாதகமான கருத்துகளின்மீதும் செலுத்துதல் கடமை. வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தபின், ஏசு சபைப் பாதிரிமார் பலர் மலையாள நாட்டில் தங்கினர். அவர்களில் கணிதம் கற்றவரும் இருந்தனர். அவர்கள் வழியாகக் கேரளத் தொடர்கள் ஐரோப்பாவை அடைந்திருக்கலாம் என்று அண்மைக்கால அறிஞர் சிலர் வாதிக்கின்றனர். காலம் இதற்கு இடந்தருகிறது. மனிதரும் இருந்தனர். ஆனால் தொடர்களைக் கூறும் கடிதமோ மொழிபெயர்ப்போ இதுவரை காட்டப்படவில்லை. உள்வழியும் வேறுபட்டுள்ளது. ஆகவே இக்கருத்து இன்று நிரூபணமாகாத ஓர் ஊகமாகவே நிற்கிறது.

மற்றொரு மிகைக் கூற்றையும் விலக்குதல் வேண்டும். நுண்கணிதம் முழுவதும் கேரளத்தில் தோன்றியது என்று சிலர் எழுதுகின்றனர். கேரளக் கணிதர் வட்டத்தோடும் அதன் ஜ்யா முதலியவற்றோடும் தொடர்புள்ள தொடர்களை மிகச் சிறப்பாகக் கையாண்டனர். எல்லா வளைகோடுகளுக்கும் பொருந்தும் பொதுமுறையை அமைப்பது அவர்களுடைய நோக்கமாக இருக்கவில்லை. நியூட்டனும் லைப்னிட்ஸும் செய்தது அதுவே. எண்களின் அடுக்குகளைக் கூட்டும் விதிகளிலும் உலகம் ஒரே நாட்டுக்குக் கடன்பட்டதன்று. கேரளத்தாருக்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே எகிப்தில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் நான்காம் அடுக்குவரை அவற்றைக் கண்டிருந்தார்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

மாணவர் ஒருவர், இதை முதலில் கண்டவர் யார் என்று வினவினால், ஆசிரியர் ஒரு பெயரை மட்டும் கூறி நிறுத்தாமல் அவ்வினாவை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தல் நன்று. தேதியுள்ள மிகப் பழைய சான்று எது? அதில் உள்ள வழி எத்தகையது? ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அது சென்றதற்குச் சாட்சி உண்டா? இம்மூன்றையும் பழகிய மாணவர் தன் நாட்டைப் புகழும் கூற்றையும் இகழும் கூற்றையும் ஒரே தராசில் நிறுக்கக் கற்றுக்கொள்வார்.

கிராமங்களில் பணிபுரிவோருக்கு இதனினும் நேரான பொறுப்பு ஒன்று உண்டு. கணிதத்தின் வரலாறு இன்னும் பல வீடுகளின் பரண்களில் ஓலைகளாகக் கிடக்கிறது. ஈரமும் பூச்சியும் நிறைந்த இக்கடற்கரை நாட்டில் ஓலை நெடுங்காலம் நிற்பதில்லை. யுக்திபாஷை பிரதியெடுக்கப்படாமல் அழிந்திருந்தால், நிரூபணம் அறிந்தவர் இல்லை என்ற 1825-ஆம் ஆண்டின் தீர்ப்பே இன்றும் நிலைத்திருக்கும்.

பழஞ்சுவடி ஒன்று கண்ணிற்பட்டால் அதனைக் கழுவுதலும், ஓலைகளின் வரிசையைக் கலைத்தலும், கயிற்றை அறுத்தலும் கூடா. உரிமையாளரின் இசைவுடன், சுவடி உள்ள ஊர், ஓலைகளின் எண்ணிக்கை, முதல் ஓலையும் கடைசி ஓலையும் கூறும் செய்தி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள சுவடிச்சாலைக்குத் தெரிவித்தல் போதும். 2003-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியச் சுவடி இயக்கம் இத்தகைய பதிவை நாடு முழுவதும் மேற்கொண்டது.

கடைசி ஓலையில் ஆண்டு இருப்பின் அதனைத் தவறாமல் எழுதிக்கொள்ளவேண்டும். அது கொல்லம் ஆண்டாக இருக்கலாம். அவ்வாண்டு ஆவணி மாதத்தை ஒட்டித் தொடங்குவதால், அதனோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் கிறிஸ்தவ ஆண்டு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, கொல்லம் 676 என்பது 1500-1501 ஆகும். ஆனால் அது பெரும்பாலும் பிரதியெடுத்த ஆண்டாகும். நூல் இயற்றப்பட்ட ஆண்டு அதற்கு வெகுகாலம் முற்பட்டதாக இருத்தல் கூடும். நூலாசிரியர் தம் காலத்தைக் கலியுக நாட்களின் எண்ணாகக் கடபயாதிச் சொற்களில் மறைத்து வைப்பதும் உண்டு. தந்திரசங்கிரகத்தின் காலம் 1500-ஐ ஒட்டியது என்று அறியப்பட்டது இவ்வாறேயாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாதவர் ஒரு நூலின் வயதை நூற்றாண்டுக் கணக்கில் தவறாக மதிப்பிட நேரும்.

கணிதத்துக்கு ஒரே பிறப்பிடம் இல்லை. பாபிலோனின் சந்திரக் கணக்கு புதுச்சேரியில் சோழிகளாக விளங்கியது. இந்தியாவின் எண்முறை இத்தாலியின் வணிகர் கணக்கில் புகுந்தது. மாதவரின் தொடர் கேரளத்தின் சில மனைகளில் தோன்றி, ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு நூற்றாண்டுகளாக வழங்கி வந்தது. இவற்றில் எது கடன், எது சொந்தம் என்பதைத் தீர்ப்பது பெருமிதமோ ஐயப்பாடோ அன்று. ஓலையும் கல்லும் களிமண்ணும் தாங்கி நிற்கும் சான்றே அதனைத் தீர்க்கும். அச்சான்றைக் காப்பது சுவடிச்சாலையோடு கிராமத்துப் பள்ளிக்கும் உரிய பணியாகும்.